பெல்ட் வண்டி நெல்லையும் வைக்கோலையும் எப்படிப் பிரிக்கிறது: வாடகை அறுவடை இயந்திரம் பற்றிய மதிப்பீடு

காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா அறுவடைக்கு வாடகைக்கு வரும், டயருக்குப் பதிலாக ரப்பர் பட்டைகளின் மேல் நகரும் பெல்ட் வகை நெல் அறுவடை இயந்திரத்தைப் பற்றிய பேச்சு, மணிக்கு எவ்வளவு வாங்கினார்கள், சொன்ன நேரத்துக்கு வந்தார்களா, ஏக்கரை எவ்வளவு நேரத்தில் முடித்தார்கள் என்ற மூன்று கேள்விகளோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வண்டி தன் உள்ளே நெல்லைத் தாளிலிருந்து எவ்வளவு சுத்தமாகப் பிரித்தது, பிரிக்காமல் எவ்வளவை வைக்கோலோடு பின்னால் தள்ளியது என்பதை யாரும் கேட்பதில்லை. இந்த மதிப்பீடு அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மதிப்பிடப்படுவது ஏறக்குறைய இரண்டு மீட்டர் அகலத்துக்கு அறுக்கும், பல் வைத்த நீள உருளை கொண்ட ஒரு பெல்ட் வண்டி. பயிர் ஆந்திரா பொன்னி எனப்படும் பிபிடி 5204. பக்கத்து மேட்டு வயல்களில் அதே பருவத்தில் டயர் வண்டியும் ஓடியதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. வண்டியின் உரிமையாளரையும் தயாரிப்பு நிறுவனத்தையும் இங்கே குறிப்பிடவில்லை. கீழே வரும் குறைகளில் பெரும்பாலானவை எந்த நிறுவனத்தின் வண்டிக்கும் பொருந்தக்கூடியவை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதிரிலிருந்து நெல்லை உதிர்க்கும் வேலையில் இந்த வண்டிக்குக் குறை சொல்ல இடமில்லை. உதிர்ந்த நெல்லைத் தாளுக்குள்ளிருந்து வெளியே எடுப்பதிலும், அளவான வேகத்தில் ஓட்டினால், அது டயர் வண்டியைவிட மேலானது. பதரையும் கூளத்தையும் நீக்கும் கடைசிப் படியில்தான் அது தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்தில் பாதி பனி ஈரத்தால் வருவது, மீதிப் பாதி ஓட்டுநரின் அவசரத்தால் வருவது.

முன்பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுழலும் ரீல் கதிரை உள்ளே சாய்த்துக் கொடுக்கிறது, கத்திப் பட்டை அடியில் அறுக்கிறது, திருகு உருளை அறுத்ததை நடுவில் சேர்க்கிறது, சங்கிலிப் பலகை அதை மேலே ஏற்றி உருளையின் வாயில் தள்ளுகிறது. நிமிர்ந்து நிற்கும் பயிரில் இவை சிரமமின்றி நடக்கின்றன. தை மாத மழையில் சாய்ந்த பயிரில் ரீலைத் தாழ்த்தி முன்னே நகர்த்தி, சாய்ந்த திசைக்கு எதிராக மட்டும் அறுக்க வேண்டியிருக்கும். அப்போது வண்டி பாதி நேரம் வெறுமனே திரும்பி வருவதற்கே செலவாகும், வாடகை மணியும் ஓடிக்கொண்டே இருக்கும். இதை வண்டியின் குற்றமாகச் சொல்வது நியாயமில்லை.

உருளைக்குள் நடப்பதுதான் முக்கியமானது. கதிரை அடித்து மணியை உதிர்க்கும் சுழல் உருளை ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ மீக்கிள் 1786இல் செய்த கதிரடிக்கும் இயந்திரத்திலேயே அது இருந்தது. அந்த வழியில் வந்த டயர் வண்டிகளில் உருளை வண்டிக்குக் குறுக்காகப் படுத்திருக்கும். அதன் மேல் வரிவரியாக வெட்டுள்ள இரும்புப் பட்டைகளும், அதைக் கீழிருந்து அணைத்தபடி கம்பிச் சல்லடை போன்ற வளைவுத் தட்டும் இருக்கும். இந்தத் தட்டை ஓட்டுநர்கள் கான்கேவ் என்பார்கள். பயிர் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய இடைவெளியில் ஒரே ஒரு முறை, உருளையின் சுற்றளவில் ஒரு பகுதியை மட்டும் தொட்டுக்கொண்டு ஓடி மறுபுறம் வெளியேறிவிடும். அந்தக் கணநேரத்தில் தேய்த்தலும் அடித்தலும் நடந்து நெல்லின் பெரும்பகுதி தட்டின் துளைகள் வழியே கீழே விழுந்துவிடுகிறது. விழாமல் தாளுக்குள் சிக்கிய மிச்சத்தை எடுக்க, பின்னால் வாக்கர் எனப்படும் நீண்ட உதறிப் பலகைகள் முன்னும் பின்னும் மேலும் கீழுமாக ஆடி வைக்கோலை உதறுகின்றன.

இந்த உதறலில் நெல்லைக் கீழே இழுப்பது புவியீர்ப்பு மட்டுமே. உலர்ந்த கோதுமைத் தாளுக்கு அது போதும். நம் சம்பா நெல்லோ, மணி முற்றிய பிறகும் தாள் பாதி பச்சையாக நிற்கும் பயிர். ஈரமும் நீளமும் உள்ள அந்தத் தாள் பலகை மேல் பாயைப் போலப் பின்னிக்கொண்டு நகரும்போது, நடுவில் கிடக்கும் மணி அதைத் துளைத்துக்கொண்டு இறங்குவதற்குள் பலகையின் முனை வந்துவிடுகிறது. டயர் வண்டி அறுத்த வயலில் வைக்கோல் வரிசையைத் தூக்கினால் அடியில் நெல் அதிகம் கிடப்பதற்கு இதுவே முதல் காரணம்.

பெல்ட் வண்டி அந்த உதறிப் பலகைகளை அடியோடு விட்டுவிட்டது. அதன் உருளை நீளமானது. அந்த நீளம் முழுவதும் திருகு வரிசையில் இரும்புப் பற்கள் நடப்பட்டிருக்கின்றன. மேலே மூடியின் உட்புறத்தில் சாய்வாகப் பற்றவைத்த தகடுகள் இருக்கின்றன. ஒரு முனையில் நுழையும் பயிரை இந்தத் தகடுகள் உருளையைச் சுற்றிச் சுற்றித் திருகுப் பாதையில் மறுமுனைக்கு நகர்த்துகின்றன. ஒரு முறை மட்டும் கான்கேவைத் தொட்டுவிட்டுப் போகாமல் ஒவ்வொரு தாளும் பல சுற்றுகள் அதன் மேல் உரசிச் செல்கிறது. முதல் சுற்றுகளில் எளிதில் உதிரும் முற்றிய மணிகள் விழுந்துவிடுகின்றன. காம்பை இறுகப் பிடித்திருக்கும் மணிகளுக்குப் பின் சுற்றுகளில் மீண்டும் மீண்டும் வாய்ப்புக் கிடைக்கிறது. ஒரே அடியில் எல்லாவற்றையும் உதிர்க்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் அடியின் கடுமையைக் குறைத்துக்கொள்ளலாம், நெல் உடைவதும் குறைகிறது.

பயிர் உருளையின் நீளவாக்கில் நகரும் இந்த முறை பெரிய வண்டிகளுக்கு 1970களில்தான் வணிக அளவில் வந்தது. நியூ ஹாலண்டு நிறுவனம் 1975இல் இரட்டை உருளையோடு டிஆர்70 வண்டியையும், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1977இல் ஆக்சியல் ஃப்ளோ என்ற பெயரில் ஒற்றை உருளை வண்டிகளையும் அமெரிக்காவில் வெளியிட்டன. மக்காச்சோளத்தையும் சோயாவையும் மனதில் வைத்துச் செய்யப்பட்ட அந்தக் கருத்து, பல் வைத்த உருளையாக மாறி ஆசிய நெல் வயலுக்கு வந்தபோதுதான் உண்மையில் தன் இடத்தைக் கண்டது என்பது என் எண்ணம். ஏனென்றால் ஈரத் தாளில் பட்டை வழுக்கும், பல் வழுக்காது.

பிரிக்கும் விசையில் எவ்வளவு வேறுபாடு என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். 62 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை நிமிடத்துக்கு 600 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால் பல்லின் நுனி வினாடிக்கு 19 மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் ஓடுகிறது. தாள் உருளையோடு அதே வேகத்தில் சுற்றுவதில்லை, பின்தங்கியே சுற்றும். அதன் வேகம் உருளையின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் என்று குறைத்து எடுத்துக்கொண்டாலும், அந்தச் சுழற்சியில் ஒரு மணியை வெளிப்புறம் தள்ளும் மைய விலக்கு விசை அதன் எடையைப் போல் பத்து மடங்குக்கு மேல் வருகிறது. உதறிப் பலகையில் தன் எடையால் மட்டும் கீழே இறங்க வேண்டிய மணி, இங்கே அவ்வளவு விசையோடு தாளைத் துளைத்துச் சல்லடைக்கு வெளியே எறியப்படுகிறது. நண்பகலில், நிமிர்ந்த பயிரில், ஓட்டுநர் நிதானமாகச் சென்றபோது வைக்கோல் வாயிலின் கீழே சாக்கை விரித்துப் பிடித்துப் பார்த்ததில் அதில் விழுந்த நெல் ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. இந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண் தரலாம்.

இந்தச் சுற்றலுக்கு ஒரு விலையும் உண்டு. பல சுற்றுகள் அடிபடும் தாள் கசங்கி நைந்து துண்டுபடுகிறது. டயர் வண்டியின் உதறிப் பலகைகளிலிருந்து விழும் வைக்கோல் ஓரளவு நீளமாகவும் முழுசாகவும் இருக்கும், போர் போட வசதியாக இருக்கும். பெல்ட் வண்டியின் வைக்கோலைப் போர் போட்டால் சரிகிறது. வைக்கோல் கட்டும் இயந்திரம் கட்டிய உருளைக் கட்டிலிருந்தும் துண்டுகள் உதிர்கின்றன. மாடு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மேலும், அதே தாளை இத்தனை முறை சுழற்றுவதற்கு எஞ்சினின் சக்தி கூடுதலாகச் செலவாகிறது. ஈரத் தாள் அதிகமாக நுழைந்தவுடன் எஞ்சினின் ஓசை கம்முவதை வரப்பில் நிற்பவரும் உணரலாம்.

தாளை நைக்காமலே நெல்லைப் பிரிக்கும் வழியும் உலகில் இருக்கிறது. ஜப்பானில் பரவலாக ஓடும் சிறு அறுவடை இயந்திரங்களில், அறுத்த தாளின் அடிப்பகுதியை ஒரு சங்கிலி இறுகப் பிடித்துக்கொண்டு நகர, கதிர் உள்ள தலைப்பகுதி மட்டும் உருளைக்குள் நுழைந்து அடிபட்டு வெளியே வருகிறது. தாள் உள்ளே போகாததால் நெல்லைத் தாளிலிருந்து பிரிக்கும் சிக்கலே பெருமளவு எழுவதில்லை, வைக்கோலும் முழுசாக விழுகிறது. கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் அந்தச் சங்கிலிகளின் நுட்பமும் விலையும் பராமரிப்பும், ஒரே பருவத்தில் மாவட்டம் மாவட்டமாக இரவு பகலாக ஓடி வாடகை ஈட்ட வேண்டிய நம்மூர் வண்டிக்கு ஒத்துவரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனிக் குறைக்கு வருகிறேன். கான்கேவின் துளைகள் வழியே விழுவது நெல் மட்டும் அல்ல. பதர், பாதி முற்றிய கருக்காய், நைந்த தாள் துண்டு, காய்ந்த இலைச் சோகை, களை விதை எல்லாம் சேர்ந்தே விழுகின்றன. இவை ஆடும் சல்லடைகளின் மேல் பரவ, அடியிலிருந்து ஒரு விசிறி சாய்வாகக் காற்றை ஊதுகிறது. களத்தில் முறத்தால் தூற்றுவதன் அடிப்படையும் இதுவே. நிறைந்த நெல்மணியைத் தூக்க வினாடிக்குச் சுமார் 6 மீட்டர் வேகக் காற்று வேண்டும். பதரும் சருகும் அதில் பாதி வேகத்திலேயே மிதக்கத் தொடங்கிவிடும். இந்த இரண்டு வேகங்களுக்கு இடையில் காற்றை நிறுத்துவதுதான் முழு வித்தை. காற்றைக் கூட்டினால் தொட்டி நெல் பளிச்சென்று இருக்கும், ஆனால் நல்ல நெல்லும் பதரோடு பறந்து வயலில் விழும். குறைத்தால் ஒரு மணிகூட வீணாகாது, ஆனால் தொட்டியில் கூளம் சேரும். முழுதாக உதிராத கதிர்த் துண்டுகள் சல்லடையின் கடைசியில் விழுந்து, திருகுக் குழாய் வழியே மீண்டும் அடிபடுவதற்குத் திரும்பிச் செல்கின்றன. இந்தத் திரும்பும் பாதையில் அளவுக்கு மீறிச் சரக்கு ஓடினால் ஏற்கெனவே உதிர்ந்த நல்ல நெல்லும் இரண்டாம் முறை அடிபட்டு உமி கழன்று அரிசியாகிவிடுகிறது.

மாசி வெயில் வரும் வரை நம் பகுதியில் காலைப் பனி கனமாக இறங்கும். பனி காயாத பயிரை அறுத்தால் ஈரத் துண்டுகள் சல்லடையின் கண்களில் ஒட்டி அடைத்துக்கொள்கின்றன. துளை அடைபட்ட சல்லடையின் மேல் நெல் தேங்கி, கூளத்தோடு கூளமாகப் பின்னால் வழிந்துவிடுகிறது. உருளை எவ்வளவு நேர்த்தியாகப் பிரித்திருந்தாலும் இந்த இடத்தில் எல்லாம் வீணாகிறது. மதிப்பிட்ட வண்டியிலும் காலையில் முதலில் அறுத்த வயலின் நெல்லில் பச்சைத் துண்டுகள் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருந்தன. வெயில் ஏறிய பிறகு அறுத்த நெல்லில் அவை வெகுவாகக் குறைந்துவிட்டன. பிரிக்கும் உருளைக்குக் காட்டிய அக்கறையில் கால் பங்கையாவது வடிவமைத்தவர்கள் சல்லடையின் பரப்பைக் கூட்டுவதில் காட்டியிருக்கலாம். வண்டியைச் சேற்றுக்கு ஏற்றபடி சிறிதாகவும் எடை குறைவாகவும் வைக்க வேண்டியிருந்ததால், முதலில் சுருக்கப்பட்டது அந்தப் பரப்புதான் என்று நினைக்கிறேன்.

இந்தக் கூளம் நேராகப் பணத்தில் போய் முடிகிறது. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பின்பற்றப்படும் தரவரையறையில் பதர், தாள் துண்டு போன்ற கரிமப் பொருள் கலப்பு 1 விழுக்காடு வரைதான் ஏற்கப்படும். மண், கல் போன்றவற்றுக்கும் தனியே 1 விழுக்காடுதான். முதிராத, சுருங்கிய மணிகளுக்கு 3 விழுக்காடு, ஈரப்பதத்துக்கு 17 விழுக்காடு என்பது பொதுவான வரம்பு. மழைக் காலங்களில் ஈரப்பத வரம்புக்குச் சில ஆண்டுகள் தளர்வு கிடைப்பதுண்டு. நிலையத்திலேயே தூற்றும் இயந்திரம் இருந்தாலும், கூளம் மிகுந்த நெல் அதில் இரண்டாம் முறை ஓட வேண்டியிருந்தால் கூலியும் காத்திருப்பும் யார் தலையில் விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தவிரவும், நெல்லோடு கலந்த பச்சைத் துண்டுகள் குவியலுக்குள் ஈரத்தைக் கூட்டி ஓரிரவிலேயே சூடேற்றிவிடும்.

நெல் எங்கே வீணாகிறது என்பதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. வைக்கோலைக் கையில் எடுத்துப் பார்த்தால் கதிரிலேயே மணி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் உருளை சரியாக அடிக்கவில்லை. கான்கேவின் இடைவெளி அதிகமாக இருக்கலாம், பற்கள் தேய்ந்திருக்கலாம், அல்லது பயிர் இன்னும் ஈரமாக இருக்கலாம். கதிர் வெறுமையாக இருந்து, உதிர்ந்த நெல் வைக்கோலுக்குள் ஒளிந்திருந்தால் உருளைக்குத் தாங்க முடியாத அளவுக்குத் தாள் நுழைகிறது, வண்டியின் வேகத்தைக் குறைக்க வேண்டும். வைக்கோல் சுத்தமாக இருந்து, பதர் விழும் இடத்தில் மட்டும் நல்ல நெல் கிடந்தால் காற்று மிகுந்திருக்கிறது அல்லது சல்லடை அடைத்திருக்கிறது. தொட்டி நெல்லில் உமி கழன்ற அரிசியும் உடைந்த மணியும் தெரிந்தால் உருளையின் வேகமோ இடைவெளியின் நெருக்கமோ வரம்பு மீறியிருக்கிறது. மதிப்பிட்ட வண்டியில் முதல் கோளாறும் நான்காவதும் காணப்படவில்லை. இரண்டாவது, மாலையில் இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஓட்டுநர் கியரை மாற்றியபோது உடனே தலைகாட்டியது. மூன்றாவது காலையில் இருந்தது.

எவ்வளவு வீணாகிறது என்பதையும் கணக்கிடலாம். ஆந்திரா பொன்னியில் ஆயிரம் மணிகள் சுமார் 15 கிராம் எடை இருக்கும். ஏக்கருக்கு 43,560 சதுர அடி. ஆகவே சதுர அடிக்கு ஒரு மணி வீணானால் ஏக்கருக்கு ஏறக்குறைய 650 கிராம். சதுர அடிக்கு 100 மணி என்றால் 65 கிலோ, அதாவது 40 கிலோ சிப்பம் ஒன்றரைக்கு மேல். ஏக்கருக்கு இரண்டு டன் விளையும் வயலில் அது மூன்று விழுக்காட்டைத் தாண்டிவிடும். எண்ணும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். வண்டி வருவதற்கு முன்பே தானாக உதிர்ந்து கிடக்கும் நெல்லையும், கத்தியும் ரீலும் தட்டி உதிர்த்த நெல்லையும் கழித்துவிட வேண்டும். அடுத்து, இரண்டு மீட்டர் அகலத்தில் அறுத்த பயிரின் வைக்கோல் ஒரு மீட்டர் அகலத்தில் விழுகிறது என்றால், அந்த வரிசையின் அடியில் எண்ணிய மணிகளைப் பாதியாக்கித்தான் ஏக்கருக்குப் பெருக்க வேண்டும். இதைச் செய்யாமல் வைக்கோலுக்கு அடியில் கிடப்பதைப் பார்த்தவுடன் ஓட்டுநரோடு சண்டைக்குப் போவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

சேவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பருவத்தில் இந்த வண்டிகள் ஆத்தூர், சேலம் பக்கங்களிலிருந்து லாரியில் ஏறி வருகின்றன. ஊரில் இருக்கும் முகவர் வழியாகத்தான் பெரும்பாலும் கிடைக்கின்றன. வாடகை மணிக் கணக்கில் இருப்பதால் வேகமாக ஓட்டச் சொல்லி வரப்பிலிருந்து கையசைப்பவர் வயலின் சொந்தக்காரராகவே இருக்கிறார். ஏக்கர் கணக்கில் பேசினால் ஓட்டுநர் தானாகவே வேகமெடுப்பார். எப்படிப் பேசினாலும் உருளை தாங்கும் அளவு என்ற ஒன்றை நினைப்பவர் யாரும் வயலில் இருப்பதில்லை. மிச்சம் பிடித்த கால் மணி நேர வாடகையையும் வைக்கோலுக்கு அடியில் போன நெல்லையும் மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பார்த்தால், நெருக்கமான பயிரில் ஒரு கியர் குறைத்து ஓட்டச் சொல்வதே லாபம் என்று தெரியும். வேளாண்மைப் பொறியியல் துறையின் வண்டி உழவன் செயலி வழியாகக் குறைந்த வாடகைக்குக் கிடைக்குமானால் அதற்கு முயலலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வண்டி தேவைப்படும்போது அது கிடைப்பது வாய்ப்பைப் பொறுத்தது.

நாங்கள் அமர்த்திய வண்டியின் ஓட்டுநர் கை தேர்ந்த இளைஞர். காலை அறுப்பில் கூளம் அதிகமாக இருக்கிறதே, சல்லடையைத் திறந்து பாருங்கள் தம்பி என்று கேட்டபோது மறுக்காமல் எஞ்சினை நிறுத்தி, பக்கவாட்டு மூடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, காற்றின் திறப்பையும் ஒரு படி கூட்டினார். அதற்குப் பிறகு வித்தியாசம் உடனே தெரிந்தது. இதைக் கேட்டால்தான் செய்வார்கள். முகவரிடம் வண்டி பேசும்போதே, பனி காய்ந்த பிறகே அறுப்பைத் தொடங்குவது என்றும், சல்லடையைத் துடைக்கும் நேரம் வாடகையில் சேராது என்றும் பேசி முடித்துக்கொள்வது நல்லது.

ஈரமான பள்ளக்கால் வயல், சற்றே பச்சைத் தாள், சாய்ந்த பயிர் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பெல்ட் வண்டியையே பரிந்துரைப்பேன். நன்கு காய்ந்த மேட்டு வயலில், வைக்கோலே முக்கியம் என்று நினைப்பவர் டயர் வண்டிக்குப் போகலாம், அதில் வாடகையும் குறைவு. விதைக்காக நெல் எடுப்பவர்கள் இரண்டில் எதை அழைத்தாலும், முந்தைய வயலின் வேறு ரக நெல் திருகுக் குழாயிலும் தொட்டியின் மூலைகளிலும் சல்லடையின் அடியிலும் தங்கியிருக்கும் என்பதைக் கருத்தில் கொண்டு, வண்டியை வயலுக்குள் இறக்கும் முன் சில நிமிடங்கள் வெறுமனே ஓடவிட்டு, அடி மூடிகளைத் திறந்து கொட்டச் செய்து, முதல் தொட்டி நெல்லை விதையில் சேர்க்காமல் சாப்பாட்டு நெல்லாகத் தனியே வைத்துவிட வேண்டும்.